எனக்காகப் பேசிய அக்கா

எனக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்று. அதற்குள் தமிழ் வந்துவிட்டதால் படிக்கவும் எழுதவும் குறைவில்லை. உதட்டசைவைப் பார்த்துப் பாதிக்குப் பாதி பிடித்துக்கொள்வேன். மீதியைக் கோபத்தால் நிரப்பிக்கொள்கிறாள் என்று பள்ளித் தோழிகள் கேலி செய்வார்கள். காது கேளாதவர்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் சைகையில் பெயர் வைத்துக்கொள்வோம். ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுவே பெயர். எனக்கு வைத்த பெயர், இரண்டு விரலால் புருவத்தை நெரித்துக் காட்டுவது. ஆக, நான் எப்படிப்பட்டவள் என்பது பெயரைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும்.

அக்காவின் பெயர், காது மடலைத் தொட்டு விரலை ஆட்டுவது. எப்போதும் ஜிமிக்கி போட்டிருப்பார். அவர் எனக்குச் சொந்தமில்லை, சைகை மொழிபெயர்ப்பாளர். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் கேட்காது. அதனால் வாய் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பேசிப் பழகியவர். பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணும்போது பக்கத்தில் நின்று அக்கா கையால் பிரசங்கம் பண்ணுவார். ஐயரைவிட அக்கா நன்றாகப் பிரசங்கம் பண்ணுகிறார் என்று எங்கள் வரிசையில் எல்லாரும் சொல்வோம். ஐயர் இழுத்தால் அக்கா சுருக்கிவிடுவார்.

ஆஸ்பத்திரி, காவல் நிலையம், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாள், கல்யாணப் பேச்சு, எங்கே போனாலும் எங்களுக்கு அக்காதான். மாவட்டத்தில் வேறு ஆளும் கிடையாது. ஒருமுறை வங்கியில் இருந்தவர் என்னைக் காட்டி, "இந்த ஊமைக்கு என்ன வேணுமாம்?" என்றார். அக்காவின் கை, "கொஞ்சம் பொறுத்துக்கிடச் சொல்லுதாங்க" என்றது. எனக்கு உதடு தெரியும் என்று அக்காவுக்கும் தெரியும். நான் பதிலுக்கு அந்த மனிதரின் மூன்று தலைமுறையை இழுத்துக் கையாலேயே வைது முடித்தேன். அக்கா அவரிடம், "பரவாயில்ல சார், வெயிட் பண்ணுதேங்கா" என்றார். இவ்வளவு பணிவான பேச்சுக்கு இந்தப் பெண் ஏன் இப்படி முறைக்கிறாள் என்று அவர் குழம்பிப் போனார். நாங்கள் பஸ்ஸில் வண்ணார்பேட்டை வரும்வரை சிரித்தோம்.

அன்றைக்குச் சிரித்தவள் நான்தான். அது இப்போதும் உறுத்துகிறது.

தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் இயந்திர வரைபட டிப்ளமோ சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் இயந்திரப் பாகங்களை அளவு பிசகாமல் வரைகிற படிப்பு. அங்கே மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் "மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையம்" என்று பலகை மாட்டியிருந்தது. உள்ளே ஒரு சக்கர நாற்காலி, யாராவது உட்கார்ந்தால் கெட்டுப்போகும் என்பதால் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தது. பிரெய்ல் அச்சு இயந்திரத்துக்கு மேல் பூப்போட்ட துணி. வாசலுக்கு ஒரு சாய்தளம் கட்டியிருந்தார்கள். ஏறி முடித்தால் கடைசியில் அரையடிப் படி ஒன்று. கால் முடியாத பையன் ஒருவன் தினமும் அந்தப் படியிடம் வந்து நின்று யாராவது வருவார்களா என்று பார்ப்பான்.

இத்தனையிலும் உருப்படியாக இருந்தது அக்கா மட்டுமே. வாரத்தில் மூன்று நாள் கல்லூரிக்கு வருவார். வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும் ஆள். அக்கா இல்லாத நாட்களில் வகுப்பு எனக்கு ஒரு முதுகு மட்டும்தான். அந்த நாட்களுக்காக அக்காவே என் போனில் ஒரு செயலி போட்டுத் தந்தார். யார் பேசினாலும் எழுத்தாக ஓடும். நெல்லைத் தமிழைக் கண்டால் அது கொஞ்சம் திணறும், ஆனாலும் விஷயம் புரியும். மூன்று நாளைக்கு ஓடினதெல்லாம் போனில் நிற்கும், அப்புறம் தானே அழிந்துவிடும்.

கடைசி மூன்று மாதம் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பயிற்சி. பட்டறை அண்ணாச்சிக்குச் சைகையும் தெரியாது, பொறுமையும் கிடையாது. இரும்பு மேசை மேல் சாக்குக்கட்டியால் எழுதுவார், நானும் எழுதுவேன், கையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். நான் போட்ட படத்தை வைத்து அவருடைய ஆள் ஒரு புஷ் வெட்டினார், அச்சில் மாட்டுகிற இரும்பு வளையம், அது அச்சில் ஏறவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து காட்டினேன். அண்ணாச்சி தானும் இரண்டு முறை அளந்துவிட்டு மேசையில் எழுதினார்: "படம் சரி. இவன் வெட்டினதுதான் தப்பு." அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இன்னதென்று சொல்ல முடியாது. என் வேலை என்ன என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு டிசைன் பிரிவில் உட்கார வேண்டும், நான் வரைந்தது இரும்பாக வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கங்கைகொண்டானில் இருக்கும் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குக் கல்லூரிக்கே வந்தது. டிசைன் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். ஒரு வாரம் நான் தூங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன், ஆனால் கனவில்கூட பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா என்னுடன் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்கினார். "போனைப் பாக்காத, என் கையப் பாரு. அவங்களுக்கு அதான் மரியாதை" என்றார். சைகை காட்டும்போது அக்கா வாயையும் அசைப்பார். அதனால் அவர் கையால் சொன்னதும் எனக்கு நெல்லைத் தமிழாகவே நினைவில் இருக்கிறது.

தேர்வு அன்று அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அக்கா அவருக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தபடி. போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன். காலையில் அக்கா வரும் முன் வகுப்புக்கு ஓடவிட்ட செயலியை நிறுத்தவில்லை. அது என் கவனத்திலேயே இல்லை.

ஷிப்ட் பார்க்க முடியுமா என்று கேட்டதாக அக்காவின் கை சொன்னது. எந்த ஷிப்டானாலும் சரி, கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் நிற்கிற இடம்வரை விசாரித்துவிட்டேன் என்றேன். படத்தில் தப்பு என்று தயாரிப்புப் பிரிவு சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். நேரே இறங்கிப் போய் நானே அளந்து பார்ப்பேன், என் தப்பானால் ஒத்துக்கொள்வேன், அவர்கள் தப்பானால் எழுதிக் கொடுக்கச் சொல்வேன் என்று பேட்டைக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். என் கை பறந்தது. அக்காவின் உதடு சீக்கிரமே மூடிக்கொண்டது. வாய்ப்பேச்சு சைகையைவிடச் சுருக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். என் கண் அதிகாரி முகத்துக்குப் போய்விட்டது, அக்காவின் உதடு என்ன சொன்னது என்று பார்க்கவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமா என்று கடைசியில் கேட்டார். டிசைன் ஹாலில் தீப்பிடித்தால் மணி மட்டும்தான் அடிக்குமா, விளக்கும் எரியுமா என்று கேட்டேன். அதிகாரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். விளக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. பக்கத்தில், "பேக்கிங் பிரிவு, பகல் நேரம், ஒப்பந்த அடிப்படை." அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. என்னைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கிய, காது கேட்கிற இரண்டு பேர் டிசைன் பிரிவில் இருந்தார்கள். பலகைக்கு முன்னாலேயே அழுதேன். அக்கா வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்புறம் என்னை நிமிர்த்தி, கையால் சொன்னார்: "காது கேக்குதவங்க உலகம் அப்படித்தான் பிள்ளே. நம்மள நம்ப மாட்டாங்க. கிடைச்சதப் பிடிச்சுக்கோ."

நம்மள என்றார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நான் எங்கே தவறினேன் என்று தெரிந்தாக வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அதிகாரி சரியாக என்ன வார்த்தையில் கேட்டார், நான் எதை விட்டேன்? போனை எடுத்தேன். முந்தின நாள் ஓடியதெல்லாம் அதில் இருந்தது. வகுப்பில் வாத்தியார் பேசியதைத் தாண்டி மேலே தள்ளினேன். நேர்முகத் தேர்வு வந்தது. என் சைகை அதில் இருக்காது. அதிகாரி கேட்டதும் அக்கா சொன்னதும் மட்டும் வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக.

ஷிப்ட் முடியுமா என்ற கேள்விக்குக் கீழே: "பகல்னா வருவா சார். ராத்திரில வீட்ல விட மாட்டாங்க."

படத்தில் தப்பு வந்தால் என்ற கேள்விக்குக் கீழே: "சொன்னதைச் செய்வா சார். எதிர்த்துப் பேச மாட்டா."

டிசைனா, வேறு எதுவுமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி என்னிடம் வரவே இல்லை. அக்காவே பதில் சொல்லியிருக்கிறார்: "டிசைன்னா நாலு பேர்கிட்ட பேசணும்லா சார், சங்கடப்படுவா. பேக்கிங்ல போட்டாலும் பைய இருந்துக்கிடுவா."

தீ விளக்கு பற்றி நான் கேட்டதற்கு: "ஒண்ணுமில்ல சார், நன்றி சொல்லுதா."

பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறியிருந்தது. எல்லாரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் நிறையப் போயிற்று. நான் அந்த நாலு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். செயலி தப்பாகப் போட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படித்தான் நினைக்கத் தோன்றியது. ஒரு எழுத்து இரண்டெழுத்து தப்பாகும், ஒரு பேட்டி முழுவதும் தப்பாகுமா? இறங்க வேண்டிய சமாதானபுரம் தாண்டிப் போய்விட்டது, நடந்து திரும்பினேன்.

அம்மா அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா இல்லை. எனக்குக் காது போன நாளிலிருந்து அம்மா சைகை கற்றுக்கொள்ளவே இல்லை. வாயைப் பெரிதாகத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வார். போனை முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். அதிர்ச்சி எதுவும் முகத்தில் இல்லை.

"நாந்தாம்ட்டி சொன்னேன்" என்றார் அம்மா. "சாத்தான்குளத்துல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்கல்லா. ராத்திரி வேலைக்குப் போற பிள்ளை வேண்டாம்னுட்டாங்க. அக்காகிட்ட போன்ல அழுதேன். நான் பாத்துக்கிடுதேன்னாங்க. உனக்கு நல்லதுதான செஞ்சிருக்கோம்?"

செஞ்சிருக்கோம். இரண்டு பேரும் என் மேல் பிரியமாக இருந்து, எனக்குக் கேட்காத போனில் பேசி, என் வாழ்க்கையை முடிவு செய்திருக்கிறார்கள். அம்மா மேல் கோபம் வந்தது, ஆனால் அது பழகின கோபம். அம்மா பயப்படுவார், பயந்தால் எதையும் செய்வார் என்பது தெரிந்த கதை. அக்கா அப்படியில்லை. அக்காவின் கையை நான் சந்தேகப்பட்டதே கிடையாது. என் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், அவர் கையை இல்லை.

மறுநாள் உதவி மையத்தில் அவரைப் பிடித்தேன். போனைப் பார்த்தார். ஜிமிக்கி ஆடாமல் நின்றது. பிறகு சொன்னார், "உங்க அம்மா அழுதாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ சண்டை போடுவ."

"போடுவேன். என் சண்டை அது."

அக்காவுக்கும் கோபம் வந்துவிட்டது. "உன் ஒருத்திக்குன்னு நினைக்கியா? எத்தனை பிள்ளைகளை நான் பேசி உள்ள ஏத்தி விட்டிருக்கேன் தெரியுமா? நீங்க சொல்லுதத அப்படியே சொன்னா ஒருத்தனும் வேலை தர மாட்டான். நான் பேசுத பேச்சுலதான் நீங்க எல்லாரும் பிழைக்கியோ."

பேக்கிங்கில் இருக்கும் தோழிகள், துணிக்கடை மாடியில் சட்டை மடிக்கிறவர்கள், நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு "நமக்கு இவ்வளவுதான்" என்று திரும்பினவர்கள், ஒவ்வொரு முகமாக வந்தது. அவர்கள் என்ன சொன்னார்கள், என்ன சொன்னதாகப் போய்ச் சேர்ந்தது? ஆஸ்பத்திரியில் என் வயிற்றுவலிக்கு நான் சொன்னதும் டாக்டர் கேட்டதும் ஒன்றுதானா? இனி அது எதுவும் தெரியப்போவதில்லை.

முதல்வருக்குப் புகார் எழுதினேன். கையால், இரண்டு பக்கம். அக்காவைத் தண்டிக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: மொழிபெயர்ப்பில் தவறு நடந்துவிட்டது, இந்த மாணவியை மறுபடி ஒருமுறை பார்க்கவும் என்று கல்லூரி அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். டிசைன் பிரிவில் இன்னும் ஓர் இடம் நிரப்பவில்லை என்று விசாரித்து வைத்திருந்தேன். போனில் இருந்ததைப் படம் பிடித்து இணைத்தேன். விசாரணைக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் எழுதினேன். விசாரணை நாளைச் சொல்லி அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. உள்ளே போனேன். முதல்வர், உதவி மையப் பொறுப்பாசிரியை, அலுவலகக் கண்காணிப்பாளர் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வருக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்தபடி, அக்கா.

வேறு ஆள் மதுரையிலிருந்துதான் வர வேண்டுமாம், தோதுப்படவில்லையாம். அதையும் அக்காதான் எனக்குச் சொன்னார்.

சரி, பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். இந்தமுறை உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அக்கா அன்றைக்கு அற்புதமாகச் செய்தார். என் புகாரை ஒரு சொல் விடாமல் சொன்னார். "இவங்க என் வாயைப் பிடுங்கித் தன் வாயா வச்சுக்கிட்டாங்க" என்று நான் சொன்னதைத் தன் வாயாலேயே அப்படியே சொன்னார். அவர் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. ஒரு நிமிடம், எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நம்பிவிட்டேன். அவருக்கு உண்மையாகச் சொல்லத் தெரியும், அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

பிறகு முதல்வர் அக்காவின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அக்கா பதில் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய கைகள் மெதுவாக இறங்கி மடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

நான் மேசையைத் தட்டினேன். கையைக் காட்டுங்க என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. முகத்தை முதல்வர் பக்கம் வைத்துக்கொண்டதால் உதடும் பாதிதான் தெரிந்தது. "அம்மா" என்றார். "சின்னதிலேருந்து" என்றார். "கோவம்" என்பதும் தெரிந்தது. ஆசிரியை கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். கண்காணிப்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்து, பாவம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என்னைப் பற்றி, எனக்கு முன்னால், முழுசாக ஒன்பது நிமிடம் பேசினார்கள். கத்தலாம் என்று வந்தது. கத்தினால் கோபக்காரி என்று அவர் சொன்னது நிஜமாகிவிடும்.

கடைசியில் அக்காவின் கைகள் மடியிலிருந்து எழுந்தன. "பேசி முடிச்சாச்சு. சாருக்கு உன் மேல வருத்தம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாங்க."

கண்காணிப்பாளர் ஒரு தாளை என் முன்னால் தள்ளினார். "தவறான புரிதலால் நான் அளித்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." கீழே என் பெயர், பதிவு எண், கையெழுத்துக்கு ஒரு கோடு. கம்ப்யூட்டரில் அடித்து எடுத்த தாள். நான் அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும். கம்பெனிக்குக் கடிதம் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பேனாவை வாங்கினேன். கோட்டில் கையெழுத்துப் போடவில்லை. கீழே காலியாக இருந்த இடத்தில் எழுதினேன்: "ஒன்பது நிமிடம் இங்கே என்ன பேசினீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புகாரைத் திரும்பப் பெறவில்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதுவீர்களா, மாட்டீர்களா?" அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை முதல்வரிடம் நேராக நீட்டினேன்.

தமிழில்தான் எழுதியிருந்தேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்து நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, எனக்கு உதடு நன்றாகத் தெரியும்படி கேட்டார்:

"என்ன சொல்லுதா இவ?"